அ… இம்… மா: எழுத்து தெரிந்த குழந்தைக்கு வாசிக்க வராதது ஏன்?

என் மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது, அவளுக்கு எழுத்தெல்லாம் அத்துப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் எதைத் தொட்டாலும் பட்டென்று சொல்வாள். ஒருநாள் 'அம்மா' என்று எழுதிக் காட்டி, படி என்றேன். விரலை வைத்து, "அ… இம்… மா" என்றாள். சரி, இப்போது சேர்த்துச் சொல் என்றேன். "அயிம்மா" என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலப்பா, ஏதோ சாமி பேரு" என்றாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் தப்பே இல்லை. 'ம்' என்பதைத் தனியாகச் சொல்ல வராது என்று முன்னால் ஓர் 'இ' சேர்த்து, இக், இங், இச் என்று பாடம் பண்ண வைத்தது நாம்தான். இம் என்பது அந்த எழுத்தின் பெயர், ஒலி அல்ல. மாட்டுக்குப் பெயர் மாடு. அது போடுகிற சத்தம் 'ம்மா'. பெயர் வேறு, சத்தம் வேறு என்பது பெரியவர்களுக்கு இவ்வளவு பழகிவிட்டதால், வாசிக்கும்போது அந்த 'இ'யை நாம் கீழே போட்டுவிட்டுப் போவதே நமக்குத் தெரிவதில்லை. குழந்தை சொன்ன பேச்சைக் கேட்கும். 'பட்டம்' என்பதை "ப-இட்-ட-இம்" என்று எழுத்து பிசகாமல் படிக்கும். அழையாத விருந்தாளிகள் இருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால் பட்டம் எப்படிப் பறக்கும்?

அன்றைக்குத்தான் வாசிப்பு என்பது என்ன என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

என் பாட்டி பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. செய்தித்தாளை யாராவது படித்துக் காட்டினால் வரிக்கு வரி புரிந்துகொண்டு சண்டைக்கு வருவார். மொழி முழுசாக இருந்தது, எழுத்து பூஜ்யம். நான் பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் பஸ் போர்டுக்காக மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் ஒரு மலையாளப் பத்தியைச் சத்தமாகப் படித்துவிடுவேன். பாதிக்கு மேல் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் இருவரில் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நாம் வீட்டில் செலவழிக்கிற நேரம் அத்தனையும் முதல் பாதிக்குத்தான், அதாவது அட்டைக்கும் சிலேட்டுக்கும்தான் போகிறது. அதிலும் அடியில் இருக்கவேண்டிய ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். அந்தப் படி காது.

ஒரு சொல் சின்னச் சின்ன ஒலித் துண்டுகளால் ஆனது என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது. அதற்கு 'வாழைப்பழம்' என்றால் மஞ்சளாக, உரித்துத் தின்னுகிற பொருள். அது வா-ழைப்-ப-ழம் என்று நான்கு தட்டாகப் பிரியும் என்று யாராவது கைதட்டிக் காட்டவேண்டும். எழுத்தே வேண்டாம். குளிக்க வைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது செய்யலாம். சமையலறையில் 'க'வில் ஆரம்பிக்கிற சாமானெல்லாம் எடுத்து வா என்றால் கரண்டி, கடுகு, கத்தரிக்காய் வரும். ஒருநாள் கூடவே "கத்தி வேண்டாம், அம்மா திட்டுவா" என்று தகவலும் வந்தது. 'பூக்கடை'யில் பூவை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? கடை. 'மரம்' என்பதில் முதல் எழுத்தைக் கழற்றிவிட்டு 'க' போட்டால்? கரம். 'வ' போட்டால்? வரம். எதுகை, மோனை என்று நாம் செய்யுளுக்கு ஒதுக்கி வைத்ததெல்லாம் உண்மையில் மூன்று வயதுக்கான விளையாட்டுச் சாமான்.

குறில் நெடிலை இதோடு சேர்த்துவிடுவது நல்லது. பல்-பால், கல்-கால், படம்-பாடம், எடு-ஏடு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கிற அல்லது விரல் நொடிக்கிற நேரம் என்று இலக்கணமே சொல்லிவைத்திருக்கிறது. ஆகவே குறிலுக்கு ஒரு சொடுக்கு, நெடிலுக்குக் கையை இழுத்து நீட்டுவது. "உனக்கு வடை வேணுமா, வாடை வேணுமா?" என்று கேட்டால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டம்தான்.

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லை ஆரம்பிக்கிற விளையாட்டும் உண்டே. தமிழில் பாதிச் சொற்கள் புள்ளி எழுத்தில் முடிவதால், புள்ளியை எடுத்துவிடலாம் என்று ஒரு வீட்டுச் சட்டம் போட்டுக்கொண்டோம். மரம், மயில், லட்டு. லட்டுக்குப் பிறகு ஆட்டம் படுத்துவிடும்.

சரி, எழுத்துக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த எண்ணைக் கேட்டதும் பெற்றோருக்கு வருகிற பீதியில்தான் அந்த அட்டை சுவருக்கு ஏறுகிறது. ஆனால் 247 வடிவங்களைத் தனித்தனியாக யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால், கொம்பு, விலங்கு என்று ஒட்டுகிற குறிகள் ஒரு கைப்பிடிதான், அவை எல்லா மெய்க்கும் பொது. அதுபோக, 'ங' வரிசையைப் பாருங்கள். 'ங்' என்ற ஒன்றைத் தவிர மற்றதைக் குழந்தை எந்தக் கதையிலும் சந்திக்கப்போவதில்லை. 'ஙௌ' எனக்கு இந்த நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்பட்டதில்லை. இன்னொரு பக்கம், வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பெயருக்கு ஜ, ஷ, ஸ, ஹ வேண்டும், அவை இந்த 247-இல் கிடையாது. ஹரிஷ் என்ற பையன் அட்டை முழுவதையும் ஒப்பித்தாலும் தன் பெயரைப் படிக்கமுடியாது. எந்தக் குழந்தைக்கும் முதலில் படிக்க ஆசை வருவது தன் பெயரைத்தான். அதிலிருந்தே தொடங்கலாம், கிரந்தமாக இருந்தாலும் பாதகமில்லை.

அப்புறம் வரிசை. அ, ஆ, இ, ஈ என்ற வரிசை அகராதி பார்க்க அருமையானது. வாசிக்கத் தொடங்க அது உதவாது என்பது என் கட்சி. பன்னிரண்டு உயிரெழுத்தையும் கரைத்துக் குடித்த பிறகும் குழந்தையால் 'ஆ', 'ஈ', 'ஏ' என்பதைத் தாண்டிப் படிக்க முடிகிற சொல் எத்தனை? அதற்குப் பதிலாக ப, ட, ம, க, ல என்று ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும் கொடுத்துப் பாருங்கள். படம், கடல், பகல், கல், பல், பக்கம், கட்டம், பட்டம், கம்பம், கப்பல். ஐந்து எழுத்துக்குக் கப்பலே கிடைக்கிறது. குழந்தைக்கும் தான் 'படிக்கிறோம்' என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிற ப-ய, ண-ன போன்ற ஜோடிகளை மட்டும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். ஒன்று ஊறிய பிறகு மற்றது.

இப்போது அந்த 'இம்' விவகாரம். நான் மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "புள்ளி வச்ச எழுத்துக்குத் தனியா நிக்கத் தெரியாது. முன்னாடி நிக்கிறவங்க தோளைப் பிடிச்சுக்கும்." ஆகவே 'க', 'ப்' என்று இரண்டாகச் சொல்லாமல் 'கப்' என்று ஒரே மூச்சில். கப்பல் என்று எழுதி, 'பல்'லைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். கப். விரலை எடுத்தேன். பல். கப்பல்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கே தாமதமாகத்தான் பிடிபட்டது. ம், ல், ன் ஆகியவற்றை ம்ம்ம்ம் என்று இழுக்கலாம். க், ப், ட் ஆகியவற்றை இழுக்க முடியாது, அடைத்துக்கொள்ளும். இழுக்க முடிகிறதை முதலில் சொல்லிக்கொடுத்தால், முந்திய ஒலியிலிருந்து வழுக்கிக்கொண்டு வருவது குழந்தைக்கு எளிது. வாயை மூடிக்கொண்டு ம்ம்ம்ம் என்று சொல்ல வைத்தேன், பசிக்கிறபோது சாப்பாட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. நாலாவது நாள் "அ…ம்ம்ம்…மா" என்றாள். ஒரு கணம் நின்றாள். பிறகு அடுப்படியைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள்.

புள்ளி பழகியதும் துணைக்கால். அதே ஐந்து எழுத்தோடு கால் சேர்ந்தால் பால், கால், மாமா, பாப்பா, காகம், பாலம் எல்லாம் வந்துவிடும். அடுத்து இ, ஈ விலங்குகள். உ, ஊ வரிசைதான் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை, ஆளுக்கொரு வடிவம். அட்டையில் மேலிருந்து கீழாகப் படிக்காமல் வடிவத்தால் கூட்டம் பிரித்தால் தணியும். பு, யு, வு, சு ஒரு குடும்பம். து, நு, லு, று, னு இன்னொன்று, இவற்றோடு கால் சேர்ந்தால் தூ, நூ, லூ. டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. 'கு' யாரோடும் சேராது.

கொம்பில் வேறொரு சிக்கல். 'கெ' என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, நாக்குக்கு முதலில் வருவது 'க்'. விரலை இடமிருந்து வலமாக நகர்த்தச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திடீரென்று இங்கே மட்டும் முதலில் பார்த்ததைப் பின்னால் சொல் என்றால் குழந்தை திருதிருவென்று முழிக்கத்தான் செய்யும். "கொம்பைப் பார்த்தா சத்தம் போடாதே, அடுத்த ஆளையும் பார்த்துட்டுச் சேர்த்துச் சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 'கொ'வில் ஒரே உயிர் இரண்டு பக்கமும் நின்று நடுவில் ஆளை நசுக்கும். 'கௌ' என்பதில் கடைசியில் நிற்பது 'ள' போலவே இருக்கும் ஆனால் 'ள' இல்லை. இதையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், அவசரமே இல்லை. தாத்தா எழுதிய கடிதத்திலோ பழைய புத்தகத்திலோ தும்பிக்கை வைத்த 'லை', சுழித்த 'ணா' எல்லாம் கண்ணில் படலாம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு வந்தவைதான் இன்றைய வடிவங்கள். குழந்தை கேட்டால் இது தாத்தா காலத்து எழுத்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரே 'க' இடத்துக்கு இடம் வேறு விதமாக ஒலிப்பது பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கல், பகல், பக்கம், தங்கம். தமிழ் பேசுகிற வீட்டுக் குழந்தைக்கு இதற்கு விதி தேவையில்லை. முதலில் 'பகல்' என்பதைக் கல்லில் வருகிற அழுத்தமான 'க'வோடு படிக்கும். காதில் விழுந்ததும் "ஓ, பகலா!" என்று தானே திருத்திக்கொள்ளும். ஆனால் இந்தத் திருத்தம் எப்போது நடக்கும்? 'பகல்' என்ற சொல் ஏற்கெனவே காதில் இருந்தால்தான். சிங்கப்பூரிலோ டொரோண்டோவிலோ ஆங்கிலமே அதிகம் புழங்குகிற வீட்டில் வளர்கிற குழந்தை தமிழ் படிக்கத் திணறுவதில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. எழுத்து அதற்குக் கஷ்டமாக இருப்பதைவிட, எழுத்து எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே சொல் இல்லை என்பதுதான் சங்கடம். சென்னையில் பேசிக்கொள்ளவே ஆங்கிலம் கலக்கிற வீடுகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ் பேசுகிற வீட்டிலேயே இன்னொரு பள்ளம் உண்டு. குழந்தைக்குத் தெரிந்தது 'தண்ணி', புத்தகத்தில் இருப்பது 'தண்ணீர்'. 'நாய் ஓடுது' என்று அது பேசும், 'நாய் ஓடுகிறது' என்று அச்சில் இருக்கும். வீட்ல, மழ, எல என்று பேசுகிற காதுக்கு வீட்டில், மழை, இலை எல்லாம் பாதி அந்நியம். எழுத்துக் கூட்டிச் சரியாகப் படித்த பிறகும் "அப்படின்னா?" என்று நம் முகத்தைப் பார்ப்பது இதனால்தான். இதற்கு மருந்து ஒன்றுதான். படிக்கத் தெரிவதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே மடியில் வைத்துக் கதை வாசித்துக் காட்டுவது, அச்சில் இருக்கிறபடியே வாசித்துக் காட்டுவது.

நான் செய்வது இது. முதல் தடவை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் கதை சொல்லிவிடுவேன். மறுநாள் அதே புத்தகத்தை, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, 'ஓடுகிறது' என்று இருந்தால் ஓடுகிறது என்றே வாசிப்பேன். கதை தெரிந்திருப்பதால் மொழி மட்டும் காதில் இறங்கும். மூன்றாவது, நான்காவது தடவைக்கெல்லாம் நமக்கு அலுத்துவிடும், அவர்களுக்கு அலுக்காது. அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று நொந்துகொள்ள வேண்டாம், அவர்கள் அதில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

வாசிக்கும்போது கேள்வி கேட்பதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் கிரோவர் வைட்ஹர்ஸ்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988-இல் வெளியிட்டது. பெற்றோர் வாசிக்க, குழந்தை வெறுமனே கேட்பதைவிட, குழந்தையைப் பேசவைத்து அது சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தால் பேச்சு வளம் வேகமாக வளர்கிறது என்று கண்டார்கள். "இது என்ன? குரங்கு" என்பதோடு நிற்காமல், "குரங்கு ஏன் அழுது?" என்று கேட்பது. "பழம் போச்சு" என்று பதில் வந்தால், "ஆமாம், பழம் ஆத்துல விழுந்துடுச்சு, அதான் அழுது" என்று நீட்டுவது. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும். பரீட்சை மாதிரி ஆக்கினால் புத்தகத்தைக் கண்டாலே ஓடிவிடும்.

புத்தகத்துக்குச் செலவு அதிகம் வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகப் பிரித்த தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் போட்ட படப் புத்தகங்கள் நன்றாக இருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. செல்போன் செயலிகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எழுத்தைத் தொட்டால் அது ஆடிப் பாடுகிறது, குழந்தை ஆட்டத்தைப் பார்க்கிறது.

எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் எல்.கே.ஜி. படித்த பள்ளியில் ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதி வரச் சொன்னார்கள். நாலு வயது விரலுக்கு அந்தச் சுழி பெரிய பாரம். பாதிப் பக்கத்தில் அழுகை வந்து, மீதியை நான்தான் இடது கையால் எழுதிக் கொடுத்தேன், குழந்தை எழுதியது போலவே இருக்கட்டும் என்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். பென்சில் பிடிக்கத் தெரியாத விரலுக்கு அது சரியான ஏற்பாடு. தாம்பாளத்தில் அரிசி அல்லது ரவை பரப்பினால் போதும். எழுதும்போது ஒலியையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம்? தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதற்கு இது எவ்வளவோ மேல். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஆசையை அடக்குவதுதான் சிரமம். தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு, எந்தப் படியில் நிற்கிறது என்பது வேறு. ஆறு வயதில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் ஏழு, எட்டு வயதாகியும், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும் ஒலிகளைச் சேர்க்கவே வரவில்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்தை ஒலியாக்கிப் படிப்பதில் வருகிற கற்றல் குறைபாடா என்று பார்க்கவேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. சோம்பேறி என்று திட்டுவதால் அது ஒரு எழுத்துகூட முன்னேறாது.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே வருவாள். போன வாரம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை வாசலில் அட்டை மாட்டியிருந்தார்கள். 'இங்கு டென்னிஸ் பால் கிடைக்கும்' என்று திக்காமல் படித்துவிட்டு, "அப்பா, டென்னிஸ் பால் ஆட்டுப்பால் மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள். வண்டியை ஓரங்கட்டி விளக்கினேன். "அப்ப வேற மாதிரி எழுத வேண்டியதுதானே?" என்றாள்.